கேபினெட் ஷாக் அடிப்பது ஏன்? வீட்டில் கம்ப்யூட்டர் பாகங்களை மாட்டும் முன் எர்த்தைப் பாருங்கள்

வெறுங்காலோடு தரையில் நின்றுகொண்டு கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்பக்கத் திருகைத் தொட்டால் பல வீடுகளில் விரல் நுனியில் சுர்ரென்று ஓடும். புறங்கையால் லேசாகத் தடவினால் தகடு நடுங்குவதுபோல் இருக்கும். விசாரித்தால் "எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான் சார், செருப்பு போட்டுக்கங்க" என்ற பதில்தான் வரும். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுவதால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. ஆனால் புதிதாக ஒரு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி), கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி (தகவலைச் சேமிக்கும் டிரைவ்) வாங்கி வீட்டிலேயே மாட்டலாம் என்று நினைப்பவர் ஸ்குரூ டிரைவரைத் தேடும் முன் இந்தச் சுர்ரைத்தான் கவனிக்க வேண்டும். கோளாறு பெட்டிக்குள் இல்லை, சுவரில் இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரம் நுழைந்தவுடன் மின் இரைச்சலை வடிகட்டும் சர்க்யூட் ஒன்று வரும். அதில் ஃபேஸிலிருந்து (மின்சாரம் வரும் வயர்) உலோகப் பெட்டிக்கு ஒரு சிறிய கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து (திரும்பிப் போகும் வயர்) பெட்டிக்கு இன்னொன்று. இவற்றை ஒய் கெப்பாசிட்டர் என்பார்கள். பெரும்பாலும் 2.2 அல்லது 4.7 நானோ ஃபாரட் மதிப்பில் இருக்கும். பிளக்கின் மூன்றாவது பின் மண்ணோடு சேர்ந்திருந்தால், இவற்றின் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் பச்சை வயரில் இறங்கிப் போய்விடும்; நமக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லாத வீட்டில் அந்த இரண்டு கெப்பாசிட்டர்களும் 230 வோல்ட்டைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ள, கேபினெட் சுமார் 115 வோல்ட்டில் அந்தரத்தில் நிற்கும். நாம் தொடும்போது கசிவு நம் உடல் வழியே தரைக்கு இறங்குகிறது. 4.7 நானோ ஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 0.34 மில்லி ஆம்பியர் வரும். மனித உடல் மின்சாரத்தை உணரத் தொடங்குவது ஏறத்தாழ அரை மில்லி ஆம்பியரில். மெல்லிய தோலுக்கு அதைவிடக் குறைவே போதும். மானிட்டர், பிரிண்டர், ஸ்பீக்கர் எல்லாம் எர்த் இல்லாத ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தால் எல்லாவற்றின் கசிவும் ஒன்று சேர்ந்து வரும். சில வீடுகளில் சுர்ர் நல்ல அடியாக மாறுவது இதனால்தான்.

இந்தக் கசிவு மட்டும் ஆளைக் கொல்லாது. பயப்பட வேண்டியது அடுத்து நடக்கக்கூடியதை நினைத்து. எலி கடித்த பவர் கார்டு, எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கழன்று தகட்டில் படும் ஒரு வயர், ஷார்ட் ஆகிவிட்ட ஒரு கெப்பாசிட்டர், இவற்றில் எது நடந்தாலும் கேபினெட் முழு 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அப்போது 0.34 மில்லி ஆம்பியரோடு நிறுத்த இடையில் எதுவும் இருக்காது. அந்த நாளுக்காகத்தான் எர்த் வயர். சுர்ரென்று அடிப்பது, அந்த வயர் உங்கள் வீட்டில் வேலை செய்யவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

எம்சிபி இருக்கிறதே, போதாதா?

போதாது. எம்சிபி என்பது அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாக விழும் சுவிட்ச். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் மின்வாரியம் ஃபேஸையும் நியூட்ரலையும் தருகிறது. எர்த்தை வீட்டுக்காரர்தான் தன் இடத்தில் குழி தோண்டிப் புதைத்துக்கொள்கிறார். நன்றாகப் போட்ட குழிக்கே சில ஓம் தடை இருக்கும். பத்து ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் கேபினெட்டைத் தொட்டால் எர்த் வழியே ஓடக்கூடியது அதிகபட்சம் 23 ஆம்பியர். அந்த அறைக்கு 16 ஆம்பியர் எம்சிபி போட்டிருந்தால், அதன் தர விதிப்படி 1.45 மடங்கில், அதாவது 23.2 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும். ஆக ஒரு மணி நேரமோ அதற்கு மேலோகூட கேபினெட் உயிரோடு இருக்கலாம், எம்சிபியில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. எம்சிபி வயரைத் தீயிலிருந்து காப்பாற்ற வந்த கருவி. ஆளைக் காப்பாற்ற அதை நம்பி இருக்க முடியாது.

ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் நழுவினால் 0.3 விநாடிக்குள் துண்டித்துவிட வேண்டும் என்பது விதி. மேலே சொன்ன 23 ஆம்பியருக்கு அது இமைக்கும் நேரத்தில் விழும். எர்த் இல்லாத வீட்டிலும் ஆர்சிசிபி வேலை செய்யும், ஆனால் ஆள் தொட்டு, மின்சாரம் அவர் உடல் வழியாக இறங்கிய பிறகுதான் விழும். எர்த் இருந்தால் கோளாறு வந்த கணமே, யாரும் தொடும் முன்பே விழும். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தால் உள்ளே இறுகிப்போய்விடும்.

சாக்கெட்டைச் சோதிப்பது

நம் மூன்று துளை சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். டிஜிட்டல் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டேஜில் 600 அல்லது 750 வரம்பில் வைத்து மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 ஒட்டி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட். ஃபேஸ்–எர்த் அளவு 60, 90, 120 என்று தள்ளாடினால் எர்த் துளைக்குப் பின்னால் வயர் இல்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது. வலப்பக்கத் துளைக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றுமில்லாமல், இடப்பக்கத் துளைக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டினால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. பழைய போர்டுகளில் இது சகஜம். இதன் விளைவு என்ன என்று கொஞ்சம் பிறகு பார்ப்போம்.

மீட்டர் நல்ல எண்ணைக் காட்டினாலும் ஒரு எச்சரிக்கை. மல்டிமீட்டரின் உள்தடை மெகா ஓம் கணக்கில் இருப்பதால், துருப்பிடித்து ஆயிரம் ஓம் தடையாகிவிட்ட எர்த்தைக்கூட அது 230 என்றே காட்டும். இணைப்பு இருக்கிறது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். வேண்டிய நேரத்தில் ஆம்பியர்களைத் தாங்குமா என்பது தெரியாது. அதை எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் எர்த் டெஸ்டர்தான் சொல்லும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கும் பழைய முறையை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். எர்த் எங்காவது அறுந்திருந்தால், அந்த பல்பு வழியாக வீட்டிலுள்ள ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் ஃபேஸ் ஏறிவிடும். வேறொரு அறையில் யாரோ ஃபிரிட்ஜ் கைப்பிடியில் கை வைத்திருக்கலாம்.

எல்லாவற்றையும்விட மோசமானது இன்னொரு பழக்கம். எர்த் வயரே இழுக்காத பழைய வீட்டில் ஷாக் அடிக்கிறது என்று சொன்னால், சாக்கெட்டுக்குப் பின்னாலேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்குச் சிறு வயர்த் துண்டு ஒன்றை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சுர்ர் நின்றுவிடும், மல்டிமீட்டரும் நல்ல பிள்ளையாக எண் காட்டும். பிறகு ஒரு நாள் மீட்டர் போர்டிலோ கம்பத்திலோ நியூட்ரல் கழலும். கம்ப்யூட்டருக்குள் போன மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரல் வயர் முழுதும் ஃபேஸ் மட்டத்துக்கு ஏற, அந்தத் துண்டு வயர் அதை நேராகக் கேபினெட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். எந்தக் கோளாறும் இல்லாத கம்ப்யூட்டர் முழு வோல்ட்டேஜில் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே லைனில் அயர்ன் பாக்ஸ் போன்ற பெரிய லோடு ஒன்றை ஓடவிட்டு, நியூட்ரல்–எர்த் வோல்ட்டேஜைப் பாருங்கள். ஒழுங்கான எர்த் என்றால் அளவு கொஞ்சம் ஏறும், ஏனென்றால் நியூட்ரல் வயரில் மட்டும்தான் லோடு ஓடுகிறது. அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் அந்த சாக்கெட்டுக்குள் இணைப்பு போட்டிருக்க வாய்ப்புண்டு. மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டுவதும் இப்போது பயனில்லை. இரும்புக் குழாய் இருந்த காலம் போய்விட்டது. பிவிசி குழாய் மின்சாரத்தைக் கடத்தாது. முறையான வழி, தனிக் குழி, அதில் ஜிஐ பைப் அல்லது செப்புத் தகடு, சுற்றிலும் கரியும் உப்பும், அங்கிருந்து மெயின் போர்டுக்குத் தொடர்ச்சியான வயர். குழி ஏற்கெனவே இருக்கும் வீடுகளில் அடிக்கடி கெட்டுப்போவது பைப்பும் வயரும் சேரும் கிளாம்ப்தான். துருவைச் சுரண்டி இறுக்கினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். கோடையில் மண் காய்ந்தால் தடை எகிறும். வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

பிளக்கை உருவுங்கள்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பற்றி வெளிநாட்டிலிருந்து வரும் வீடியோக்கள் பலவற்றில் ஒரு யோசனை சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சுவிட்சை மட்டும் அணையுங்கள், பிளக் சுவரிலேயே இருக்கட்டும், எர்த் இணைப்பு இருந்தால் ஸ்டேட்டிக் (உரசலால் உடலில் சேரும் மின்சாரம்) இறங்கிவிடும் என்று. எர்த்தைச் சோதித்துத் தரும் ஊர்களில் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. இங்கே அதைப் பின்பற்றக் கூடாது. எர்த் இருக்கிறதா என்பதே கேள்வி. சுவர் சுவிட்ச் ஒரு வயரை மட்டும் துண்டிக்கிறது. ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் அது துண்டிப்பது நியூட்ரலை. எஸ்எம்பிஎஸ் சுவிட்சும் பல மாடல்களில் ஒரே வயரைத்தான் துண்டிக்கும். ஆக இரண்டு சுவிட்சையும் அணைத்த பிறகும் ஃபேஸ் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் வந்து காத்திருக்கலாம்.

வரிசை இப்படி இருக்கட்டும். ஷட் டவுன் செய்யுங்கள், ஸ்லீப் போதாது. சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பிறகு எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, லேன் கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கம்ப்யூட்டர் பிளக்கை உருவியாயிற்றே என்று எச்டிஎம்ஐயை விட்டுவைப்பவர்கள் நிறைய. எர்த் இல்லாத மானிட்டரோ டிவியோ மறுமுனையில் மின்சாரத்தோடு இருந்தால், அதன் பாதி வோல்ட்டேஜ் எச்டிஎம்ஐயின் உலோக உறை வழியாக உங்கள் கேபினெட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். ரேமைக் கையில் பிடித்திருக்கும்போது அது வேண்டாத விருந்தாளி. டிவியின் எச்டிஎம்ஐ போர்ட் திடீரென்று செத்துப்போவதற்கும் இந்த வோல்ட்டேஜ் வித்தியாசம் காரணமாகலாம். இரு பக்கமும் பிளக்கை உருவிய பிறகே அந்தக் கேபிளை மாட்டுங்கள், கழற்றுங்கள்.

எல்லாம் கழற்றிய பிறகு கேபினெட்டின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஃபேன் ஒரு துடிப்பு துடித்து நிற்கலாம்; மதர்போர்டில் எரியும் சின்ன எல்இடி மங்கி அணையும். ஷட் டவுன் ஆன கம்ப்யூட்டரிலும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன் ஓடிக்கொண்டே இருக்கும்; அந்த எல்இடி எரிவது அதில்தான். அது உயிரோடு இருக்கும்போது ரேமைச் செருகினாலோ கார்டைப் பிடுங்கினாலோ, தொடுமுனைகள் தாறுமாறான வரிசையில் இணைந்து சிப் போய்விடலாம். எல்இடி அணைந்த பிறகு கை வையுங்கள்.

யுபிஎஸ் இருக்கும் வீட்டில் தனிக் கவனம் வேண்டும். யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் நிற்காது; பேட்டரியிலிருந்து 230 வோல்ட் வந்துகொண்டிருக்கும், கூடவே இருந்த எர்த்தும் போய்விடும். இருப்பதிலேயே மோசமான நிலை அது. உருவ வேண்டியது யுபிஎஸ்ஸிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கார்டை. அதேபோல் வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால், கரண்ட் போயிருக்கும் நேரத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

ஸ்டேட்டிக்

இது ஆளை ஒன்றும் செய்யாது, பாகங்களைக் கொல்லும். உடலில் சேர்ந்த ஸ்டேட்டிக் பொட்டென்று தெறிப்பதை நாம் உணர்வதற்கே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சிப்புக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகள் சில நூறு வோல்ட்டிலேயே காயப்படும். அதனால் நாம் எதுவும் உணராமலேயே ஒரு ரேம் பாதி கெட்டு, மாதக்கணக்கில் அவ்வப்போது ஹேங் ஆகும். கடலோர ஈரக்காற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஏசி ஓடும் அறையில் காற்று உலர்ந்து கூடும். பாலியஸ்டர், நைலான் துணி, பிளாஸ்டிக் நாற்காலி, பார்சலில் வரும் தெர்மாகோல் எல்லாம் சார்ஜைச் சேர்க்கும். பருத்தித் துணி போட்டுக்கொண்டு, தெர்மாகோலை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

ரிஸ்ட் ஸ்ட்ராப் கடையில் வாங்கியதாகவே இருக்க வேண்டும். அதன் வயரில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. தவறி 230 வோல்ட்டில் பட்டாலும் அது மின்சாரத்தை 0.23 மில்லி ஆம்பியருக்குள் நிறுத்திவிடும். செப்பு வயரைக் கையில் சுற்றிக்கொண்டு எர்த் பின்னில் செருகுபவர் தன் உடலையே பச்சை வயராக்கிக்கொள்கிறார். ஸ்ட்ராப்பின் கிளிப்பை சாக்கெட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். பிளக் உருவிய கேபினெட்டின் பெயின்ட் படாத தகட்டில் மாட்டினால் போதும். நீங்களும் கேபினெட்டும் பாகமும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் தேவை, மண் அல்ல. ஸ்ட்ராப் இல்லாவிட்டால் ஒவ்வொரு பாகத்தைத் தொடும் முன்பும் அந்தத் தகட்டை ஒரு கையால் தொடுங்கள். புதிய பாகத்தையும் பையோடு தகட்டில் வைத்துவிட்டுப் பிறகு பையைத் திறங்கள்.

வெள்ளி நிற ஆன்டி ஸ்டேட்டிக் பையின் மேல் மதர்போர்டை வைத்து பவர் கொடுத்துப் பார்க்காதீர்கள். பையின் உறை கொஞ்சம் கடத்தும் தன்மை உள்ளது. மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியே நல்ல மேடை. தூசி தட்ட புளோயர் பிடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலும் ஃபேன் டைனமோவாகி மதர்போர்டுக்குள் வோல்ட்டேஜைத் தள்ளலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸும் கேபிள்களும்

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள எந்த எஸ்எம்பிஎஸ்ஸிலும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று 380 முதல் 400 வோல்ட் வரை டிசியில் நிற்கும். 470 மைக்ரோ ஃபாரட் என்றால் 35 ஜூல் ஆற்றல் அதில் அடங்கியிருக்கிறது. நன்றாக இயங்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் பிளக் உருவிய சிறிது நேரத்தில் அது பெரும்பாலும் வடிந்துவிடும். கெட்டுப்போன எஸ்எம்பிஎஸ்ஸில்தான் ஆபத்து. அடுத்த கட்டம் செத்துவிட்டதால் அந்தச் சார்ஜை உறிஞ்ச ஆளில்லாமல் நெடுநேரம் நிற்கும், வீட்டில் திறந்து பார்க்கத் தோன்றுவதும் கெட்டுப்போனதைத்தான். ஃபேன் சத்தம் போடுகிறதென்றால்கூட மெக்கானிக்கிடம் கொடுங்கள். பழைய மாடல்களில் பின்னால் சிவப்பு நிற 115/230 சுவிட்ச் இருக்கும். அது 115-இல் இருந்தால் போட்ட நொடியில் வெடிக்கும். மாட்டும் முன் ஒருமுறை பாருங்கள்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) வாங்கியவர்கள் அதிகம் இழப்பது ஒரே காரணத்தால். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு அதன் கேபிள்களை அப்படியே விட்டு, புதியதில் செருகிவிடுகிறார்கள். கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட்டேஜ் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். 5 வோல்ட் எதிர்பார்க்கும் எஸ்எஸ்டிக்கு 12 வோல்ட் போனால் அடுத்த நொடி அதில் இருந்த போட்டோ, கணக்கு எல்லாம் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் கேபிளையும் மாற்றுங்கள், விதிவிலக்கே வேண்டாம். பழைய நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து டிரைவ்களுக்கான சாட்டாவுக்கு மாற்றும் மலிவான கன்வெர்ட்டரில், பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே வார்ப்பாக ஊற்றிய வகையைத் தவிருங்கள். உள்ளே வயர்கள் நெருங்கி ஷார்ட் ஆகித் தீப்பிடித்ததுண்டு.

சிபியுவுக்கு 4+4 பின், கிராபிக்ஸ் கார்டுக்கு 6+2 பின். இரண்டும் எட்டுதான், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் வரிசையில் இருக்கும். பிளாஸ்டிக் வடிவத்தில் வித்தியாசம் வைத்திருந்தாலும் பலவந்தமாக அழுத்தினால் நுழைந்துவிடும். நுழைய மறுக்கும் கேபிளைத் தள்ளாமல் அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு மதர்போர்டு ஸ்லாட் 75 வாட், 6 பின் 75 வாட், 8 பின் 150 வாட் தரும். புதிய 12 வோல்ட் உயர் மின் கனெக்டர் ஒன்றே 600 வாட் வரை சுமக்கும். 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். ஆறு பின்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 8.3 ஆம்பியர். ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கு மற்ற ஐந்தின் தலையில் விழும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வெளிவந்த சில வாரங்களில் கனெக்டர்கள் உருகிய படங்கள் வரத் தொடங்கின. அடிவரை செருகாததே பல நேரங்களில் காரணம். பிறகு பின் நீளங்களை மாற்றித் திருத்திய வடிவம் வந்தது. இடைவெளியே தெரியாத அளவுக்குத் தள்ளி, கனெக்டரிலிருந்து 35 மில்லி மீட்டர் தூரம் வரை கேபிளை வளைக்காமல் விடுங்கள். பக்கவாட்டுக் கண்ணாடி மூட மறுத்தால் கேபினெட்தான் சிறியது.

மதர்போர்டைப் பொருத்துமுன், அதைத் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களை எண்ணுங்கள். போர்டில் எத்தனை துளையோ அத்தனை. ஏடிஎக்ஸ் போர்டில் வழக்கமாக ஒன்பது. பழைய போர்டுக்குப் போட்ட ஒன்று மிச்சமாக நின்றால் புதிய போர்டின் அடிப்பக்க ஈயப் புள்ளிகளைத் தகட்டோடு ஷார்ட் செய்துவிடும். விழுந்த திருகைத் தேடி எடுக்காமல் மூடவும் கூடாது.

முதல் ஸ்டார்ட்

பிளக்கைச் சுவரில் செருகும் முன் மல்டிமீட்டரைக் குறைந்த ஓம் வரம்பில் வைத்து, பவர் கார்டை எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டிய நிலையில் பிளக்கின் எர்த் பின்னுக்கும் கேபினெட்டின் ஒரு வெற்றுத் திருகுக்கும் இடையே அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். மலிவான சில கார்டுகளில் மூன்று பின் இருக்கும், பச்சை வயர் உள்ளே இருக்காது. ஐஎஸ் 694 என்று மேலுறையில் அச்சிட்ட கார்டாக, 0.75 சதுர மில்லி மீட்டருக்குக் குறையாததாக வாங்குங்கள். சாக்கெட் இறுக்கமாக இருக்கிறது என்று எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகுவதையும், இரண்டு பின் கன்வெர்ட்டரையும் மறந்துவிடுங்கள்.

லோடு பற்றி அதிகம் கவலை வேண்டாம். 850 வாட் எஸ்எம்பிஎஸ் முழு வீச்சில் ஓடினாலும் 90 சதவீதத் திறனில் சுவரிலிருந்து இழுப்பது 4.1 ஆம்பியர்தான், 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கும். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸையோ கெட்டிலையோ மாட்டினால்தான் பிளக் சூடாகி உருகும்.

சுவிட்ச் அணைந்திருக்கும்போதே பிளக்கைச் செருகி, எஸ்எம்பிஎஸ் சுவிட்சைப் போட்டு, கடைசியில் சுவர் சுவிட்ச். காலியாக இருக்கும் கெப்பாசிட்டர் முதல் நொடியில் பல ஆம்பியரை விழுங்கும். உயிரோடு இருக்கும் சாக்கெட்டில் பிளக்கைச் செருகினால் தீப்பொறி பறந்து தொடுமுனைகள் கருகும். இப்போது கேபினெட் திருகில் நியான் டெஸ்டரை வையுங்கள். அதற்கு முன் ஃபேஸ் துளையில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருகில் எரியக் கூடாது. மங்கலாக எரிந்தாலும் எர்த் வரவில்லை என்றே பொருள். சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டிஸ்பிளே வரவில்லை என்றால் ரேமைக் கழற்றி மாட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கை உருவி, பட்டனை அழுத்தி, எல்இடி அணைந்த பிறகுதான். மூன்றாவது நான்காவது முயற்சியில் பொறுமை போய் நேராகக் கை வைப்பதில்தான் போர்டு போகிறது. ஸ்டார்ட் செய்ததும் ஆர்சிசிபி விழுந்தால் அதைச் சுற்றி நேர் இணைப்பு போடச் சொல்லாதீர்கள். ஒரு கம்ப்யூட்டரின் கசிவு அதை விழவைக்கும் அளவு கிடையாது. புதிய எஸ்எம்பிஎஸ் கெட்டது, அல்லது வீட்டில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கின்றன. கருகிய வாசனையோ பட்டென்ற சத்தமோ வந்தால் இன்னொருமுறை போட்டுப் பார்க்க வேண்டாம். தீ என்றால் முதலில் மெயின், பிறகு பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பான், தண்ணீர் வேண்டாம். யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் மெயினை அணைத்து, மூச்சைப் பார்த்து, 108-ஐ அழையுங்கள்.

மழைக்காலத்தில்

ஐப்பசி, கார்த்திகை இடியில் போகும் மதர்போர்டுகள் நிறைய. ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டியிருக்கிறோமே என்பார்கள். அதற்குள் இருப்பது, வோல்ட்டேஜ் எகிறினால் அதை வேறு வழியில் இறக்கிவிடும் எம்ஓவி என்ற வட்டச் சில்லுகள். நல்ல மாடலில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என்று மூன்று. எர்த் இல்லாத சாக்கெட்டில் பின்னிரண்டும் சும்மா உட்கார்ந்திருக்கும். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் கழன்றால் ஒரு ஃபேஸில் வோல்ட்டேஜ் 400 வரை ஏறலாம். அப்போது எம்ஓவியும் எரியும், எஸ்எம்பிஎஸ்ஸும் எரியும். விளக்குகள் சில மங்கலாகவும் சில அதிகப் பிரகாசமாகவும் எரிவதைப் பார்த்தால் உடனே மெயினை அணையுங்கள்.

மொட்டை மாடி வழியாகச் செப்பு லேன் கேபிள் வரும் வீட்டில் மின்னல் அந்த வழியாகவே மதர்போர்டுக்கு வரும், பவர் பிளக்கை உருவியிருந்தாலும். ஃபைபர் கேபிளில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கம்பி சில இணைப்புகளில் வீட்டுச் சுவர் வரை வருகிறது. அந்தக் கம்பியை வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். வானம் கறுத்ததும் கம்ப்யூட்டர் பிளக்கோடு லேன் கேபிளையும், மோடத்தின் அடாப்டரையும் சேர்த்து உருவி வையுங்கள்.